நேர்ச்சாலையில் ஓயாத வளைவு



கார் பஞ்சராகிறது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுக்கிறோம். எந்தச் சக்கரம் பஞ்சரோ அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஸ்டெப்னியை மாட்டுகிறோம். நமக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னதும் அதுதான். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு அந்த வழக்கம் சரியானதே. ஆனால் எல்.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்லும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பொருத்திய கார்களுக்கு அது பொருந்தாது. அந்தக் கார்களில், எல்.எஸ்.டி. இருக்கிற ஆக்சிலில் அளவு குறைந்த ஸ்டெப்னியை மாட்டி ஓட்டக் கூடாது. பஞ்சர் அந்த ஆக்சிலிலேயே ஆகியிருந்தால், மற்ற ஆக்சிலிலிருந்து ஒரு நல்ல சக்கரத்தைக் கழற்றி இங்கே போட வேண்டும். ஸ்டெப்னி, அந்த நல்ல சக்கரம் இருந்த இடத்துக்குப் போக வேண்டும்.

நான் சொல்ல வந்த விதி இவ்வளவுதான். ஏன் என்று விளக்கத்தான் மீதி நேரம். காரணம் புரியாமல் மனப்பாடம் செய்த விதி, மழையில் நெடுஞ்சாலை ஓரம் நிற்கும்போது நினைவுக்கு வராது.

மாட்டு வண்டியில் இருசு சுற்றாது. இரண்டு சக்கரங்களும் அதன் முனைகளில் தனித்தனியாகச் சுற்றும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் ஓடும், உட்சக்கரம் குறைவாக ஓடும். இழுப்பது மாடு என்பதால் சக்கரங்களுக்கு இடையே வழக்கே இல்லை. சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. ஒரே தண்டில் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பூட்டினால், வளைவில் ஏதோ ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். பாரிசில் கடிகாரம் செய்பவராக இருந்த ஒனேசிஃபோர் பெக்கர், நீராவி வண்டிக்காக 1820களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற்ற பல்சக்கர அமைப்புதான் இன்று நாம் டிஃபரன்ஷியல் என்று சொல்வதன் முன்னோடி. இரண்டு சக்கரங்களையும் அது தள்ளும்; அதே நேரத்தில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் விடும்.

இந்த வேக வேறுபாடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கணக்கைச் சுற்றித்தான். இடவலச் சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு முழு வட்டம் அடித்து முடிக்கும்போது, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சிறியதா பெரியதா என்பது ஒரு பொருட்டே இல்லை. தெருமுனை ரவுண்டானாவைச் சுற்றினாலும் பெரிய மைதானத்தைச் சுற்றினாலும் அதே 9.4 மீட்டர்தான். சிறிய வட்டத்தில் அந்த வேறுபாடு சில நொடிகளில் வந்துவிடும். பெரிய வட்டத்தில் நிதானமாக வரும். யூ-டர்ன் போட்டால் அதில் பாதி. பிறகு நேர்ச்சாலை வந்ததும் டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு கியர்கள் ஓய்ந்துவிடும். இடமாகத் திரும்பியதை வலமாகத் திரும்பியது ஈடுகட்டும். ஆக, டிஃபரன்ஷியலின் உள்வேலை கொஞ்ச நேரம் நடந்து நீண்ட நேரம் ஓயும் வேலை. அப்படி நினைத்துத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குறை உண்டு. இரு சக்கரங்களுக்கும் அது சமமான முறுக்கு விசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிப் பிடிப்பே இல்லாமல் சுழன்றால், அந்தச் சக்கரம் ஏற்கும் அற்ப விசைதான் கெட்டித்தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று சேற்றை வாரி இறைக்கும், மற்றது அசையாது. பந்தயத்திலும் இதே கதை. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் கிராண்ட் பிரி காரின் பின்சக்கரங்களில் ஒன்று, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் வழுக்கிச் சுழன்றது. 1935இல் இசட்.எஃப். நிறுவனத்திடம் இதற்குத் தீர்வு கேட்டார் போர்ஷே. அந்தத் தீர்வுதான் எல்.எஸ்.டி. வரலாற்றின் பெரிய தொடக்கம். பொதுமக்கள் ஓட்டும் கார்களில், அமெரிக்காவின் பேக்கர்ட் 1956இல் அதைக் கொண்டுவந்தது. செவ்ரலே பாசிட்ராக்‌ஷன் என்ற பெயரில் விற்றது. 1992இல் வந்த ‘மை கசின் வின்னி’ படத்தின் நீதிமன்றக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. சாலையில் இரண்டு சக்கரங்களும் சமமாகப் பதித்த கருந்தடங்களை வைத்து, அந்தக் காரில் பாசிட்ராக்‌ஷன் இருந்தே தீர வேண்டும் என்று மரிசா டொமெய் நடித்த பாத்திரம் சாட்சி சொல்லும். அந்த நடிப்புக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. படத்தில் சொல்லும் இயந்திரவியலும் பிழையில்லாதது: சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள கார் ஒரு தடம்தான் அழுத்தமாகப் பதிக்கும்.

எல்.எஸ்.டி. செய்வது ஒன்றே. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்றால், அதற்கு ஓரளவு தடை போடும். முழுத்தடை இல்லை, முழுத்தடை போட்டால் வளைவில் சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டே வரும். அந்தத் தடையை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

முதல் வகை கிளட்ச் தட்டு வகை. டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ளே மெல்லிய உராய்வுத் தட்டுகளை அடுக்கி, ஸ்பிரிங்கால் இறுக்கி வைத்திருப்பார்கள். பலவற்றில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்த இறுக்கம் இன்னும் கூடும். சக்கரங்களின் வேகம் வேறுபட்டால் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். உரசல்தான் அவற்றின் தொழில், தேய்வதும் அதனால்தான்.

இரண்டாவது, டார்சன் போன்ற கியர் வகை. வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கரின் கண்டுபிடிப்பு அது. தட்டுகள் கிடையாது, சரிவாக வெட்டிய பற்கள் ஒன்றையொன்று நெருக்கும்போது வரும் உராய்வே தடை. ஆடி குவாட்ரோ கார்கள் 1980களின் பிற்பகுதியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இதைப் பயன்படுத்தத் தொடங்கின. மூன்று வகைகளில் டயர் வேறுபாட்டை அதிகம் பொறுத்துக்கொள்வது இதுதான். பொறுத்துக்கொள்ளும் என்றால் பாதிப்பே இல்லை என்று பொருளாகாது.

மூன்றாவது விஸ்கஸ் வகை. துளையிட்ட தட்டுகள் சிலிக்கோன் திரவத்தில் மூழ்கியிருக்கும். வேகம் வேறுபட்டால் திரவம் கலக்கப்பட்டுச் சூடேறும். தொடர்ந்து சூடேறினால் திரவம் விரிந்து, உள்ளே இருக்கும் சிறிதளவு காற்றுக்கும் இடமில்லாமல் போய், அழுத்தம் திடீரென்று எகிறித் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். அதுவரை மிருதுவாக இருந்த ஆக்சில் ஒரு கணத்தில் பூட்டியது போலாகிவிடும். நேர்ச்சாலையில், 70 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி ஆவதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஸ்டெப்னிக்கு வருகிறேன். டிக்கியில் இடத்தையும் காரின் எடையையும் மிச்சப்படுத்த, ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியைத் தயாரிப்பாளர்கள் கொண்டுவந்தார்கள். அதில் காற்று 60 பி.எஸ்.ஐ. வரை நிரப்ப வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள். எல்லாத் தற்காலிக ஸ்டெப்னியும் விட்டத்தில் சிறியதல்ல. 205/55 ஆர்16 டயர் உள்ள காருக்கு 125/90 ஆர்16 ஸ்டெப்னி தருகிறார்கள் என்றால், அகலம்தான் குறைவு. விட்டம் இரண்டுக்கும் சுமார் 632 மில்லிமீட்டர். ஆகவே பார்த்ததும் பயப்பட வேண்டாம், கணக்கிட்டுப் பாருங்கள். டயரின் அகலத்தை நடு எண்ணின் விழுக்காட்டால் பெருக்கி, இரட்டித்து, ரிம்மின் அங்குலத்தை மில்லிமீட்டராக்கிக் கூட்டினால் விட்டம் வந்துவிடும். கைப்பேசியில் அரை நிமிட வேலை.

சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கணக்கைப் பார்ப்போம். ஓடும் டயர் 185/60 ஆர்14. விட்டம் 578 மில்லிமீட்டர். ஸ்டெப்னி 115/70, அதே 14 அங்குல ரிம். விட்டம் 517 மில்லிமீட்டர். வேறுபாடு பத்து விழுக்காட்டுக்கும் மேல். பெரிய சக்கரம் ஒரு கிலோமீட்டரில் சுமார் 551 சுற்றுச் சுற்றும். ஸ்டெப்னி 616 சுற்ற வேண்டும். கிலோமீட்டருக்கு 65 சுற்று வித்தியாசம். முன்பு சொன்ன 9.4 மீட்டரை இந்த டயரின் சுற்றளவால் வகுத்தால், ஒரு முழு வட்டத்துக்கு ஐந்து சுற்றுக்குச் சற்று மேல்தான் வித்தியாசம் வரும். அப்படியானால் 65 சுற்று என்பது பன்னிரண்டு முழு வட்டங்கள்.

ஸ்டீயரிங் நேராகத்தான் இருக்கிறது. சாலையும் நேர்தான். ஆனால் டிஃபரன்ஷியலைப் பொறுத்தவரை, கார் சுமார் 13 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வட்டம், எல்லாம் ஒரே திசையில். எதிர்த்திசையில் திரும்பி ஈடுகட்டுவது என்பதே கிடையாது. பஞ்சர் கடை 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஏறத்தாழ 500 வட்டங்கள். வளைவில் திரும்புவதால் வந்த வேறுபாடா, டயர் சிறியதாக இருப்பதால் வந்த வேறுபாடா என்று பிரித்தறிய அந்த இரும்புப் பெட்டிக்கு வழியே இல்லை. வேகம் வேறுபட்டால் அது தடை போடும், அவ்வளவுதான்.

அந்தத் தடையின் விலையையும் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் தட்டுகளின் அடிப்படை இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு 87 சுற்று வேறுபாடு வரும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 900 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் வைத்து, நிறுத்தாமல் எரியவிட்டபடி ஓட்டுவதற்குச் சமம். இது ஸ்பிரிங் இறுக்கம் மட்டும் தருகிற வெப்பம். மேடேறும்போது அழுத்தி மிதித்தால் இன்னும் கூடும். உள்ளே இருப்பது ஓரிரு லிட்டர் ஆயில். அந்த ஆயிலில் தட்டுகள் வழுவழுப்பாகப் பிடித்து விடுவதற்கென்று தனி மருந்து கலந்திருக்கும். சூட்டில் முதலில் கெடுவது அதுதான். பிறகு தட்டுகளின் மேற்பூச்சு. கடைசியில் எல்.எஸ்.டி. என்று பணம் கொடுத்து வாங்கிய பொருள், சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும்.

இதுவரை சொன்னது பணக்கணக்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, காரின் நடத்தை. எல்.எஸ்.டி. வேகமாகச் சுற்றும் சக்கரத்திடமிருந்து விசையை எடுத்து மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்குக் கொடுக்கும். சேற்றில் அது வரம். இப்போதோ வேகமாகச் சுற்றுவது ஸ்டெப்னி. இடது பின்சக்கரம் ஸ்டெப்னி என்றால், வலது சக்கரம் அதிகமாகத் தள்ளும், இடது சக்கரம் பின்தங்கும். கார் இடப்பக்கம் இழுக்கும். ஓட்டுநர் தன்னை அறியாமல் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். மிதிக்கும்போது இழுப்பு கூடும். காலை எடுத்தால் குறையும். முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது, சட்டென்று காலை எடுக்கிறார். இழுப்பு தளர்கிறது; கையோ இன்னும் வலப்பக்கம் பிடித்திருக்கிறது. பழகிய கார் பழகாத கார் ஆகிவிடும் கணம் அது. சாலை ஈரமாக இருந்தால், 185 மில்லிமீட்டர் அகலம் பிடித்திருந்த இடத்தில் 115 மட்டுமே பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓட்டுங்கள் என்று நான் சொல்வது ஆயில் சூடாகும் என்பதற்காக மட்டுமல்ல.

இனிச் சாலையோரத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம்.

பின்சக்கரம் இழுக்கும் கார், பின்னால் எல்.எஸ்.டி., பஞ்சர் பின்னால். ஒரே ஜாக்கி போதும். முதலில் முன்பக்கத்தைத் தூக்கி, நல்ல முன்சக்கரத்தைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டி இறக்குங்கள். பிறகு பின்பக்கத்தைத் தூக்கிப் பஞ்சர் சக்கரத்தைக் கழற்றி, முன்னாலிருந்து எடுத்த நல்ல சக்கரத்தை மாட்டுங்கள். பஞ்சர் முன்னால் என்றால் வேலை ஒரு முறைதான். முன்சக்கரம் இழுக்கும் காரில் எல்.எஸ்.டி. முன்னால் இருந்தால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: ஸ்டெப்னி பின்னால், நல்ல இரண்டும் முன்னால். முன்னால் பெரிய பிரேக் டிஸ்க் வைத்த கார்களில் சிறிய ஸ்டெப்னி காலிபரில் இடிக்கக் கூடும். அதை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், இரவு பத்து மணிக்கு டோல்கேட் தாண்டிய இருட்டில் வேண்டாம். முன்னைவிடப் பின்னால் அகலமான டயர் போட்ட கார்களில் முன்சக்கரம் பின்னால் பொருந்தாமல் போகலாம். அவற்றுக்கு, நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டிதான் சரியான வழி.

ஜாக்கி போடும்போது ஒரு எச்சரிக்கை. பின்சக்கர எல்.எஸ்.டி. காரில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசை போய், கார் ஜாக்கியை விட்டு முன்னே பாயும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள பின்சக்கரக் காரில் ஆபத்து வேறு விதமானது. கியரில் நிறுத்தியிருக்கிறோம், உருளாது என்று நம்பி ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்புறம் சுற்ற, தரையில் உள்ளது உருளத் தொடங்கிவிடும். ஆகவே எந்தக் காரானாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். லாரி கிளீனர்கள் பரம்பரை பரம்பரையாகச் செய்துவரும் இந்த வேலையைக் கார்க்காரர்கள் ஏனோ கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள்.

இரண்டு முறை ஜாக்கி போட இருபது நிமிடம் கூடுதலாகும். அந்த இருபது நிமிடத்தை எங்கே செலவிடுகிறீர்கள் என்பதுதான் இந்தப் பேச்சிலேயே கனமான பகுதி. நான்கு வழிச் சாலை, இரவு, லாரிகள் அரை மீட்டர் தள்ளிக் கடந்து போகின்றன. அங்கே குனிந்து உட்கார்ந்து இரண்டு சக்கரத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பஞ்சரான இடத்திலேயே ஸ்டெப்னியை மாட்டி, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள், வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் வரை போங்கள். மூன்று நான்கு கிலோமீட்டரில் தட்டுகள் எரிந்துவிடாது. அங்கே போய் நிதானமாக இடம் மாற்றுங்கள். ஸ்டெப்னியைக்கூட மாட்ட முடியாத இடம் என்றால், பஞ்சர் டயரிலேயே ஊர்ந்து ஓரம் கட்டுங்கள். டயரும் ரிம்மும் போனால் போகட்டும். டிஃபரன்ஷியலைப் பணம் கொடுத்து வாங்கலாம்.

இன்னொரு வழி உண்டு, எல்.எஸ்.டி. கார் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர் ஸ்டிரிப்பைச் சொருகி, 12 வோல்ட் கம்ப்ரசரால் காற்று நிரப்பிவிடலாம். அதே டயர் அதே இடத்தில் இருக்கிறது, விட்டம் மாறவில்லை, டிஃபரன்ஷியலுக்கு ஒன்றுமே தெரியாது. டயர் பழுதுபார்க்கும் கிட்டும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020இல் விதியைத் திருத்தியது. பக்கச்சுவர் கிழிந்தால் கிட் உதவாது என்பதால் ஸ்டெப்னியைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். ஆனால் ஆணி பஞ்சருக்கு ஸ்டிரிப்தான் முதல் மருந்து.

“எங்கள் வண்டியில் ஸ்டெப்னியும் முழு அளவுதான், எங்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு?” என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நம் நாட்டு ஜீப் வகை வண்டிகளில் பின்கதவில் தொங்குவது பெரும்பாலும் முழு அளவு டயர்தான். ஆனால் அதே அளவு என்று எழுதியிருப்பதும் அதே விட்டமும் ஒன்றல்ல. புது டயரின் வரிப்பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை தேய விடலாம். வருடக்கணக்காகத் தொங்கிய புத்தம்புது ஸ்டெப்னிக்கும், தேய்ந்து முடியப்போகும் டயருக்கும் விட்டத்தில் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். அது சுமார் இரண்டு விழுக்காடு. கிலோமீட்டருக்கு இரண்டு வட்டத்துக்குச் சற்று மேல். 18 அங்குல அலாய் வீல் உள்ள வண்டிக்கு 17 அங்குல இரும்பு ஸ்டெப்னி தரும் வழக்கமும் வந்துவிட்டது. 255/60 ஆர்18க்கும் 245/65 ஆர்17க்கும் விட்டம் 1.7 விழுக்காடு வேறுபடும். பஞ்சர் கடை வரை போக இவையெல்லாம் தாராளமாகப் போதும். வீட்டுக்கும் போகலாம். கேடு எங்கே தொடங்குகிறது என்றால், “நல்லாத்தான ஓடுது” என்று அப்படியே ஆறு மாதம் விட்டுவிடுவதில். ஒரு டயர் வெடித்தால் ஸ்டெப்னியை ஏற்றிவிட்டு, பழைய மூன்றோடு ஓட்டுவது நம் ஊரில் சிக்கனம் என்று கருதப்படுகிறது. எல்.எஸ்.டி. உள்ள ஆக்சிலில் அது சிக்கனமே அல்ல. அந்த ஆக்சிலின் இரண்டு டயர்களும் ஒரே தயாரிப்பு, ஒரே மாடல், ஏறத்தாழ ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் என்று இருக்க வேண்டும். வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்.

மகிந்திரா தார், பொலேரோ நியோ போன்றவற்றின் சில மாடல்களில் பின்னால் இருப்பது இது வரை சொன்ன எல்.எஸ்.டி. அல்ல, ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர். இரு சக்கரங்களின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால் அது பூட்டிக்கொள்ளும். கார் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் பூட்டாது. 2 மீட்டர் சுற்றளவுள்ள டயரோடு 30 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 250 சுற்று. அதில் இரண்டு விழுக்காடு என்பது வெறும் 5 சுற்று. ஆகவே தேய்மான வேறுபாட்டால் அது தவறாகப் பூட்டிக்கொள்ளாது. அந்த வண்டிகளில் கவனிக்க வேண்டியது வேறு: தாரைப் போன்ற வண்டியில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டப்படும், நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வேறுபட்ட டயரோடு தார்ச்சாலையில் அப்படி ஓட்டினால் தண்டுகள் முறுக்கேறிக்கொண்டே போகும். ஸ்டெப்னி மாட்டியிருக்கும்போது டூ வீல் டிரைவிலேயே ஓட்டுங்கள்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள் இதில் இன்னும் கறாரானவை. நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாரு நிறுவனத்தின் அறிவுரை. அவர்களுடைய பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. இன்ஜின் அறையில் ஒரு காலி ஃபியூஸ் இடம். தற்காலிக ஸ்டெப்னி மாட்டினால் அதில் ஒரு ஃபியூஸைச் சொருக வேண்டும். பின்சக்கரங்களுக்குப் போகும் விசை துண்டிக்கப்பட்டு கார் முன்சக்கரத்தில் மட்டும் ஓடும். தற்காலிக ஸ்டெப்னியைத் தருகிறவர்களே அதன் தீங்குக்கும் வழி செய்து தந்தார்கள். அந்தப் பொறுப்பு எல்லாத் தயாரிப்பாளர்களிடமும் இருந்திருந்தால், இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

இந்த விதி ரகசியமானதும் அல்ல. எல்.எஸ்.டி. காரின் கையேட்டைத் தேடிப் பார்த்தால், டயர் மாற்றும் பகுதியில் பொடி எழுத்தில் எங்கேயாவது இருக்கும். கையேடு கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். காரைப் பழையதாக வாங்கியவருக்கு அதுவும் கிடைத்திருக்காது. இலங்கையில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார்கள் ஏராளமாக ஓடுகின்றன; அவற்றோடு வந்த கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தால், யாழ்ப்பாணத்தில் அதை ஓட்டுபவர் எதைப் படிப்பார்? எச்சரிக்கை இருக்க வேண்டிய இடம் புத்தகம் அல்ல, ஸ்டெப்னி. 80 கிலோமீட்டர் வேக வரம்பை அதில் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, “இதைப் பின்சக்கரத்தில் மாட்டாதீர்” என்று ஒரு படத்தோடு ஒட்டத் தெரியாதா? பஞ்சராகி நிற்பவர் கண்டிப்பாகக் கையில் எடுக்கும் ஒரே பொருள் அதுதானே. இங்கே பணிமனை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: எல்.எஸ்.டி. கார் சர்வீசுக்கு வந்தால், தமிழில் ஒரு சீட்டு எழுதி அதன் ஸ்டெப்னியில் ஒட்டி அனுப்புங்கள். தயாரிப்பாளர் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் காரில் எல்.எஸ்.டி. இருக்கிறதா என்று தெரியவில்லை என்றால், இழுக்கும் சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டில் பாதுகாப்பாகத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் சுலபமாகச் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல். அதே திசையில் சுற்றினாலோ, கனமாகத் தடுத்தாலோ கிளட்ச் வகை அல்லது விஸ்கஸ் வகை. கியர் வகை மட்டும் இந்தச் சோதனையில் அகப்படாது, சாதாரணம் போலவே காட்டும். அதற்கு மாடல் விவரத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இப்போதைய பல கார்களில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எல்.எஸ்.டி. போலச் செயல்படும் மின்னணு முறை இருக்கிறது. அங்கே தேய்வதற்குத் தட்டுகள் கிடையாது, டிஃபரன்ஷியல் சாதாரணமானதே. ஆனாலும் சிறிய ஸ்டெப்னியின் அதிக சுழற்சியை வழுக்கல் என்று அது எடுத்துக்கொண்டு பிரேக் போடக்கூடும் என்பதால், மிதமாக மிதித்து ஓட்டுங்கள்.

ஏற்கெனவே தெரியாமல் சிறிய ஸ்டெப்னியோடு நெடுந்தூரம் ஓடிய கிளட்ச் வகைக் கார் உங்கள் கைக்கு வந்தால், முதலில் மெதுவாக முழு ஸ்டீயரிங் திருப்பி ஓட்டிப் பாருங்கள். பின்னாலிருந்து கடகடவென்று அதிர்வு வந்தால் தட்டுகள் பிடித்துப் பிடித்து விடுகின்றன என்று அறியலாம். ஆயிலை இறக்குங்கள். கருகிய வாடையும் கருமையும் இருந்தால் சூடேறியிருக்கிறது. கையேட்டில் சொன்ன எல்.எஸ்.டி. ஆயிலையே ஊற்றுங்கள், உராய்வு மருந்து தனியாகச் சேர்க்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குச் சேருங்கள். பிறகு காலி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பலமுறை மெதுவாக ஓட்டுங்கள். தட்டுகளுக்கு நடுவே புது ஆயில் இறங்குவது அப்போதுதான். அதற்குப் பிறகும் அதிர்வு நிற்கவில்லை என்றால், ஹவுசிங்கைத் திறந்து தட்டுகளின் கனத்தை அளந்து பார்க்க வேண்டியதுதான்.